வித்தைக் கருவிகளும் வேலைக் கருவிகளும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

நமக்கு முன்னே பேசிய அறிஞர் பெருமக்கள் இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் இனிமையுற எடுத்துரைத்தார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கின்ற நம்மைப் போன்றோர்க்கு அத்தகைய உயர்ந்த பொருள்களைத் தொடுவதற்குத் துணிவில்லை. ஆதலின், ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பங்கரை அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் உறங்கிக் கிடக்கின்ற ஒரு பொருளைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஒன்பது வேலை செய்யும் ஒரே கத்தி, எந்த நட்டையும் கழற்றும் ஒரே சாவி, ஒரு தட்டுத் தட்டினால் வெங்காயம் பொடியாகும் பெட்டி, சுவரில் ஆணி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும் கொக்கி - இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடு நம் காலனியில் உண்டா? வாங்கிய வாரத்தில் வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்கின்றோம். மறு மாதம் அது எங்கே இருக்கின்றது என்று வீட்டிலுள்ள எவருக்கும் தெரிவதில்லை. இத்தகைய கருவிகளை வாங்கத்தான் வேண்டுமா, வாங்கினால் எதனை வாங்கலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்நகரில் துளசி பாக் கடைவீதிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர் எவரும் இல்லை என்றால் மிகையாகாது. இராமர் கோயிலைச் சுற்றி அமைந்த அந்தச் சந்துகளில் பித்தளைக் குத்துவிளக்கு முதல் பிளாஸ்டிக் வடிகட்டி வரை இல்லாத வீட்டுப் பொருள் இல்லை. பொருட்காட்சித் திடலிலும் இதே காட்சிதான். ஒருவர் மேசையின் முன் நின்று முள்ளங்கியை ஒரு சுற்றுச் சுற்றுகின்றார். அது மாலையாகத் தொங்குகின்றது. உருளைக்கிழங்கை ஒரு தள்ளுத் தள்ளுகின்றார்; அது வலையாக விரிகின்றது. கூட்டம் வாய் பிளந்து நிற்கின்றது. இப்பொழுதோ அந்த வித்தைக்காரர் நம் கைபேசிக்குள்ளேயே குடியேறிவிட்டார். நள்ளிரவிலும் காய் நறுக்கிக் காட்டுகின்றார்.

அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் கலையில் வல்லவர். ஆனால் அவர் செய்வதைச் சற்று ஊன்றிப் பார்த்தல் நலம். அவர் கையிலுள்ள தகடு புதியது; கூர் மழுங்காதது. அவர் எடுக்கும் காய் கெட்டியானது, ஒரே அளவுடையது. அதே அசைவை அவர் நாளொன்றுக்கு நூறு முறை செய்து பழகியவர். நன்கு பழுத்த தக்காளியை அவர் தொடுவதில்லை. சேனைக்கிழங்கின் பக்கம் போவதில்லை. வாழைப்பூவை ஆய்ந்து காட்டுவதில்லை. முருங்கைக்கீரை என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. நம் வீட்டிற்கு வருவது அவருடைய கருவி மட்டுமே. அவருடைய கை வருவதில்லை.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் முன்னோர் வாக்கு. பல வேலைகளைச் செய்வதாகச் சொல்லும் கருவிகளுக்கும் இது பெரிதும் பொருந்தும். எனினும் எல்லாவற்றிற்கும் பொருந்துமா என்று ஆராய வேண்டும்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் படைவீரர் கத்தியை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1891-ஆம் ஆண்டில் கார்ல் எல்சனர் என்ற கத்தித் தொழிலாளி அந்நாட்டுப் படைக்கு இதனை வழங்கத் தொடங்கினார். அக்கத்தியில் இருந்தவை நான்கே: ஓர் அலகு, ஒரு துளையூசி, தகர டப்பா திறக்கும் கொக்கி, ஒரு திருப்புளி. வீரன் டப்பா உணவைத் திறக்க வேண்டும். தன் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க வேண்டும். அவன் தோள்மீது ஒரு பெட்டிக் கருவிகளைச் சுமந்து செல்ல இயலாது. ஆகவே நான்கும் தேவையால் பிறந்தவை. நூறாண்டுகளுக்குப் பிறகு அதே நாட்டில் வெங்கர் என்ற நிறுவனம் 87 கருவிகளை ஒரே கத்தியில் அடக்கிக் காட்டி, கின்னஸ் பதிவேட்டில் இடம் பெற்றது. அதன் எடை ஒரு கிலோவிற்கும் மேல். அதனைச் சட்டைப்பையில் வைத்தால் சட்டை கிழியும். கையில் பிடித்தால் விரல்கள் வளையா. முன்னது வேலைக் கருவி. பின்னது காட்சிப் பொருள். இரண்டிற்கும் பெயர் ஒன்றே என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975-இல் தம் மனைவியாருடன் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வழியெல்லாம் கார் பழுதுபட்டது. தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. பையிலிருந்த மடக்குக் கத்தியில் எல்லாம் இருந்தும் குறடு மட்டும் இல்லை. அக்குறையை நீக்க அவர் பல ஆண்டுகள் உழைத்து, 1983-இல் குறட்டை நடுவில் வைத்த ஒரு மடக்குக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உலகெங்கும் அது பரவியது. காரணம் யாது? வழிப்பயணி ஒருவர் உண்மையாகப் பட்ட தொல்லைக்கு விடையாக அது அமைந்தமையே. ஆயினும் வீட்டில் தனிக் குறடும் தனித் திருப்புளியும் வைத்திருப்பவர்க்கு அது தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வோம். பயணத்திற்கு ஏற்றது அனைத்தும் இல்லத்திற்கும் ஏற்றது ஆகாது.

இனி, எந்த நட்டையும் கழற்றும் சாவியைப் பார்ப்போம். ஒரு குழலுக்குள் எஃகு ஊசிகள் வில்லோடு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். நட்டின் மேல் வைத்து அழுத்தினால், நடுவிலுள்ள ஊசிகள் உள்ளே போகும்; சுற்றிலும் உள்ளவை நட்டைச் சூழ்ந்து நிற்கும். பார்க்க அழகுதான். கொக்கித் திருகையும் இறக்கை நட்டையும் அது எளிதில் சுழற்றும். ஆனால் நம் மிதிவண்டியின் அச்சில் துருவேறி இறுகிய நட்டு இருக்கின்றதே, அங்கே முழு வலிமையையும் அந்த மெல்லிய ஊசிகளே தாங்க வேண்டும். ஊசி வளையும், அல்லது நட்டின் மூலை மழுங்கும். மூலை மழுங்கிய நட்டைப் பின்பு சரியான ஸ்பானராலும் கழற்ற முடியாது. அறுத்தெடுக்கத்தான் வேண்டும்.

திருகி அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரும் ஒரு காலத்தில் புதுமையே. சுவீடன் நாட்டு ஜோகன் பீட்டர் ஜோகன்சன் அதற்கு இன்றைய வடிவம் தந்து 1892-இல் உரிமை பெற்றார். அது வித்தையன்று, நற்கருவியே. எனினும் அனுபவமுள்ள பிட்டர் அதனைக் கடைசியில்தான் எடுப்பார். அசையும் தாடை சிறிது ஆடும். அந்த ஆட்டமே நட்டைத் தின்னும். வளைய ஸ்பானரோ நட்டின் ஆறு மூலைகளையும் ஒருங்கே பற்றும். ஓர் அளவிற்கு ஒரு சாவி என்பதே இறுகிய நட்டிற்கு ஏற்ற மருந்து.

நம் ரயில்வேயில் இதற்குச் சான்று கண்முன் நிற்கின்றது. தண்டவாளத்தின் வழியே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் நடந்து சோதிக்கும் கீமேன் தோளில் தொங்குவன யாவை? ஒரு நீண்ட காம்புச் சுத்தியல், போல்ட் முடுக்கும் ஸ்பானர், கொடிகள், ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள். அவ்வளவுதான். அடித்து இறுக்கிய சாவிகளின் இடத்திற்கு வில் கிளிப்புகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றை அடித்துப் பொருத்தவும் அந்தச் சுத்தியலே வேண்டியிருக்கின்றது. வண்டியின் சக்கரத்தைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு வெடிப்பு உண்டா இல்லையா என்று அறிந்த ஊழியர்களை மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். இன்று அச்சுகளையும் தண்டவாளங்களையும் மிகையொலிக் கருவியால் சோதிக்கின்றார்கள். அந்தப் புதுமை நல்லது. ஏனெனில் காதுக்கு எட்டாத வெடிப்பை அது கண்டுபிடிக்கின்றது. ஆயிரக்கணக்கான உயிர்கள் செல்லும் பாதையில் அலங்காரத்திற்காக ஒரு கருவியும் இடம் பெறுவதில்லை.

கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்ற சந்து இருக்கின்றது. பேஷ்வாக்கள் காலத்திலிருந்து செம்புப் பாத்திரம் அடிக்கும் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே ஒரு பட்டறை வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தட்டைத் தலைச் சுத்தியல் ஒன்று, உருண்டைத் தலைச் சுத்தியல் ஒன்று, சிறிதும் பெரிதுமாக வேறு சில. ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்கின்றது. ஒன்பது தலைகள் கொண்ட ஒரே சுத்தியலை அவர்களிடம் கொடுத்தால் சிரித்துத் திருப்பித் தருவார்கள்.

தாய்மார்களின் அரசாங்கமாகிய சமையற்கட்டிற்கு வருவோம். நம் அரிவாள்மணையும் இந்நாட்டவரின் ‘விளி’யும் உடன்பிறந்தவை. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் காயைப் பிடித்து அலகின்மேல் தள்ளுகின்றோம். கத்தி அசைய, காய் நிற்பது மேல்நாட்டு முறை. கத்தி நிற்க, காய் அசைவது நம் முறை. பூசணியையும் பிளக்கும், கொத்தவரங்காயையும் பொடியாக அரியும், நுனியிலுள்ள பல்வட்டம் தேங்காயைத் துருவும். பல வேலை செய்யும் கருவி என்று கேலி செய்தோமே, இதுவும் பல வேலை செய்கின்றதே என்று கேட்கலாம். ஆம், செய்கின்றது. ஆனால் இதில் கழன்று விழும் உறுப்பு ஒன்றுமில்லை. சாணை பிடிக்கலாம், கழுவலாம், மகளுக்கும் பேத்திக்கும் கொடுக்கலாம். பல வேலை செய்தல் குற்றமன்று. எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யாமையே குற்றம்.

இதற்கு மாறாக, பலகையில் தகடுகளை மாற்றி மாற்றிச் செருகும் சீவல் கருவிகளைப் பாருங்கள். நம் காலனியில் ஓர் அம்மையார் காய் தீரும் தறுவாயில் கடைசித் துண்டைத் தள்ளியபோது விரல் நுனியைச் சீவிக்கொண்டார். பத்து நாள்கள் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. காயைக் குத்திப் பிடிக்கும் காப்புப் பிடி அக்கருவியோடு வரவில்லை. வந்திருந்தாலும் பெட்டியிலேயே கிடந்திருக்கும். பண நட்டம் மறந்துபோகும். வீட்டின் வேலை முழுவதையும் தாங்கும் கை காயமுற்றால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கைப்பிடியைச் சுழற்றித் தேங்காய் துருவும் கருவியும் உண்டு. அடியில் ரப்பர்க் கிண்ணம். நெம்புகோலை அழுத்தினால் காற்று வெளியேறி மேடையைக் கவ்விக்கொள்ளும். வழவழப்பான கருங்கல் மேடையில் நன்றாக நிற்கும். சொரசொரப்பான கல்லிலும் சிமெண்டுத் திண்ணையிலும் காற்று உட்புகுந்து கழன்றுவிடும். இதனை வித்தைக் கருவி என்று தள்ளிவிடலாமா? கூடாது. முழங்கால் வலியால் தரையில் உட்கார இயலாத முதியவர்க்கு அது பெரும் உதவி. ஆகவே கருவியின் தகுதி கருவியில் மட்டும் இல்லை; அதனைப் பிடிக்கும் கையிலும், அது நிற்கும் இடத்திலும் இருக்கின்றது.

புதியன எல்லாம் பொய் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. புனேயிலிருந்து மீரஜ் செல்லும் பாதையில் கிர்லோஸ்கர்வாடி என்ற நிலையம் வருகின்றது. முன்பு அதற்குக் குண்டல் ரோடு என்று பெயர். லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் 1910-இல் அங்கே தம் தொழிற்சாலையை நிறுவினார். அதற்கு முன்பே பெல்காமில் அவர் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று உழவர்கள் வாங்க அஞ்சினார்கள். முதற்கலப்பைகளை விற்பதற்கு அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மரக்கலப்பையை விட ஆழமாக உழுவதை வயலில் கண்ட பின்னரே ஐயம் அகன்றது. வேலைக் கருவிக்கு விளம்பரம் வயல்தான், மேசையன்று.

சிறு பொருள்களிலும் இவ்வாறே. சுவிட்சர்லாந்தில் ஆல்பிரட் நெவெச்செர்சால் என்பார் 1947-இல் ‘ரெக்ஸ்’ என்ற தோல் சீவியைச் செய்தார். வளைந்த ஒரு தகடு, அசையும் ஓர் அலகு, அவ்வளவே. அந்நாட்டு அரசு 2004-இல் அதற்கு அஞ்சல் தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. நம் ரயில் பயணங்களில் ஊசியில் நூல் கோர்க்கும் சிறு தகரத் துண்டினைப் பலர் பார்த்திருப்பீர்கள். குழந்தை விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். நாற்பது வயது கடந்து வெள்ளெழுத்து வந்தவர்க்கு அதன் அருமை தெரியும். விலையும் சொற்பம், இடமும் அடைக்காது.

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்பதை எடுத்துக்காட்டி, கருவியே வேண்டா, திறமை போதும் என்று வாதிடும் நண்பர்களும் உண்டு. அப்பழமொழி வல்லவனைப் புகழ்கின்றதே தவிர, புல்லைப் புகழவில்லை. வல்லவனாவதற்கு முன் நமக்கு நல்ல கருவி வேண்டும். மழுங்கிய உளியால் தொழில் கற்ற தச்சன் இல்லை. மோசமான கருவி கற்கின்றவனின் ஆர்வத்தையே கொன்றுவிடும். நம் பிள்ளைகள் ஒரு திருப்புளியை எடுத்துத் திருகின் தலை சிதைந்ததும், ‘இது நமக்கு வராது’ என்று கைவிடுகின்றார்கள். வராதது பிள்ளைக்கன்று, அந்த மலிவான திருப்புளிக்கு.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு அனைவரையும் வேண்டுகின்றோம்.

முதலாவது: இந்த வேலை நம் வீட்டில் எத்தனை முறை வருகின்றது? ஆண்டிற்கு ஒரு முறை அன்னாசி அரிபவர்க்கு அன்னாசி அரியும் கருவி எதற்கு? முறுக்கு அச்சும் ஒரே வேலைக் கருவிதான். ஆனால் தீபாவளியும் கோகுலாஷ்டமியும் தவறாமல் வருகின்றன. இடியாப்பத்திற்கும் சேவைக்கும் தட்டை மாற்றினால் போதும்.

இரண்டாவது: வீட்டில் ஏற்கெனவே உள்ள கருவியால் இது முடியாதா?

மூன்றாவது: இதனைக் கழுவவும், சாணை பிடிக்கவும், பழுது பார்க்கவும் இயலுமா? ஓர் உறுப்பு உடைந்தால் அது மட்டும் தனியே கிடைக்குமா?

நான்காவது: கை தவறினால் என்ன ஆகும்?

ஐந்தாவது, மிக முக்கியமானது: இதனைப் பயன்படுத்தப்போவது யார்? ஆண்கள் கடைவீதியில் வித்தை பார்த்து வாங்கிவந்து, ‘உனக்காக வாங்கினேன்’ என்று நீட்டுகின்றோம். நறுக்குவதும் அவர்களே, பிரித்துக் கழுவுவதும் அவர்களே. பத்து உறுப்புகளைக் கழுவும் நேரத்தில் அரிவாள்மணையில் இரண்டு வேளைக் காய் அரிந்துவிடலாம். சமையற்கட்டிற்கு ஒரு கருவி வாங்குமுன் சமைப்பவரைக் கேட்டு வாங்குவதே முறை. அவர் வேண்டும் என்றால் விலை பாராமல் வாங்கலாம். வேண்டா என்றால் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டா.

இக்கேள்விகள் நம்மைப் போன்ற குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னும் பொருத்தமானவை. நமக்குச் சொந்த ஊரில் இருப்பது போல் பரணும் இல்லை. கொல்லைப்புறக் கொட்டிலும் இல்லை. இரண்டு அறைகளில் வாழ்க்கை. மாற்றல் உத்தரவு வந்தால் எல்லாவற்றையும் கட்டி வண்டியேற்ற வேண்டும். மூட்டை கட்டும் நாளில்தான் எது கருவி, எது குப்பை என்பது விளங்குகின்றது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாட்டி கொடுத்தனுப்பிய பாக்குவெட்டியும் மத்தும் நம்முடன் வருகின்றன. போன ஆண்டு வாங்கிய பொறி அங்கேயே தங்கிவிடுகின்றது.

கேள்விகளோடு நிறுத்தாமல் இச்சபையின்முன் ஒரு வேண்டுகோளையும் வைக்கின்றோம். சுத்தியலும் திருப்புளியும் குறடும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியவை. ஆனால் குழாய் ரெஞ்சும், மின்சாரத் துரப்பணமும், நல்ல ரம்பமும், ரசமட்டமும், முழுத் தொகுதி ஸ்பானர்களும், ஓர் உயரமான ஏணியும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. ஆண்டில் சில மணி நேரமே அவற்றிற்கு வேலை. தனித்தனியே வாங்கும்போது கையிருப்புக் குறைவால் மட்டமானதையே வாங்குகின்றோம். வித்தைக்காரரின் ‘எல்லாம் ஒன்றில்’ என்ற சொல்லுக்கும் அதனால்தான் மயங்குகின்றோம். பலர் சேர்ந்தால் சிறந்ததை வாங்கலாம். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தின் பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுத்து வருகின்றது. அவர்கள் நகரத்திற்குச் செய்வதை நாம் ஒரு காலனிக்குச் செய்ய முடியாதா?

நமது சங்கத்தின் நூலக அலமாரிக்கு அருகில் ஒரு பொதுக் கருவிப் பெட்டி அமையட்டும். குடும்பத்திற்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும். ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில் கண் பார்த்து எடுத்தால், பழைய காலத்து நல்ல எஃகுக் கருவிகளும் கிடைக்கும். காம்பு மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எவர் எடுத்தார், எந்நாள் திருப்பினார் என்று பதிவேடு எழுதுவது நமக்கு அலுவலகத்தில் பழகிய தொழில். அப்பொறுப்பை ஏற்கச் சித்தமாயிருக்கின்றோம். ஓய்வு பெற்ற பிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகளுக்கு - ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேற்றுமையின்றி - ஆணி அடிக்கவும், குழாய் வாஷர் மாற்றவும், கத்தியைச் சாணை பிடிக்கவும் அவர்கள் கற்றுத் தரட்டும். பாத்திரக் கடையில் எந்த வித்தையாலும் ஏமாறாத கண், வேலை தெரிந்த கையிலிருந்தே பிறக்கும்.

சரஸ்வதி பூஜையன்று நாம் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். மராத்திய அன்பர்களும் அதே நவமியைக் கண்டே நவமி என்று போற்றி, ஆயுதங்களையும் தொழிற்கருவிகளையும் வணங்குகின்றார்கள். வருகின்ற பூஜையன்று அலமாரியிலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். சென்ற பூஜைக்குப் பின் நமக்கு உழைத்தவற்றிற்கு மட்டும் பொட்டு வையுங்கள். பொட்டு வைக்க மனம் வராதவற்றை, அவற்றால் பயன் பெறக்கூடிய வேறு எவருக்கேனும் கொடுத்துவிடுங்கள். அதே நாளில் நம் பொதுப் பெட்டிக்கும் முதற்பொட்டு வைத்துத் தொடங்குவோமாக.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!